முதுமைக்கு முன்காவல்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நாளன்று ஆற்றப்பட்ட உரை)

 

இக்கோவில் எழும்பியபோது கல்லும் மண்ணும் சுமந்த தோள்களுக்கு இன்று நாம் பொன்னாடை போர்த்துகிறோம். அது முறையே. ஆனால் பொன்னாடையோடு நம் கடமை தீர்ந்துவிடுமா என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

"வயதானால் நோய் வரத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள், பிள்ளைகளும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. முடி நரைப்பதும் தோல் சுருங்குவதும் வயதின் வேலை. ஆனால் பக்கவாதம், பார்வையிழப்பு, சர்க்கரை நோயால் காலை எடுக்க நேர்வது, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது ஆகியவற்றில் பெரும்பகுதியை முன்கூட்டியே தடுக்கலாம்; அல்லது தொடக்கத்திலேயே கண்டு அடக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுகிற இவ்வேலையைத்தான் தடுப்பு மருத்துவம் என்கிறோம்.

முதலாவது, இரத்த அழுத்தம். தலை சுற்றினால்தான் அழுத்தம் இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அளவு சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரையால்தான் அளவு சரியானது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் மீண்டும் ஏறும். உப்பையும் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

இரண்டாவது, சர்க்கரை நோய். இது காலின் உணர்வைக் கெடுக்கும். முள் குத்தினாலும் தெரியாது. சுடுதரையில் நடந்து கொப்புளித்தாலும் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகும். ஆகவே இரவில் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கால் மரத்துப்போனவர்கள் நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலுடன் திருயாத்திரை செல்ல வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். செருப்பணிந்து சென்றாலும் வேண்டுதல் வேண்டுதலே.

மூன்றாவது, கண்ணும் காதும். கண்புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்கி, செயற்கை லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் இச்சிகிச்சை எட்டும் என்று உலகுக்கே காட்டியது. ஆனால் கண் நீர் அழுத்த நோயினாலோ, சர்க்கரையால் விழித்திரை கெட்டோ போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே நன்றாகத் தெரிகிறபோதே ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். காது மந்தத்தையும் அலட்சியம் செய்யலாகாது. காது கேளாதவர் பேச்சைக் குறைப்பார். பிறகு கூட்டத்தைத் தவிர்ப்பார். தனிமையில் மனம் மங்கும். மறதி நோயை ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, காது மந்தம், பார்வைக் குறை, தனிமை, உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் உட்பட 14 காரணங்களைச் சரிசெய்தால் அந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கூறுகிறது.

நான்காவது, விழுதல். உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது; இவர்களில் முதியோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்தவர் படுக்கையில் கிடக்க, படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் தொடர்கின்றன. இதற்கான காவல் எளிது. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, வழுக்காத தரை, தேயாத செருப்பு. படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து, பின் நிற்க வேண்டும். உடலுக்கும் பயிற்சி வேண்டும். வாரம் 150 நிமிடம் சற்று வேகமான நடை. வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் உரிய பயிற்சி. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்வதும் வீட்டிலேயே செய்யத்தக்கவை; தள்ளாடுகிறவர்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்க. தனியாய் வாழும் பெரியவர்கள் தமக்கென்று சமைக்க மனமின்றிக் கஞ்சியோடும் தேநீரோடும் நாளைக் கழிப்பதுண்டு. அதனால் தசை கரைகிறது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் இவற்றில் இயன்றது ஒவ்வொரு நாளும் இலையில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்க.

ஐந்தாவதாக, வெட்கத்தால் மறைக்கப்படும் நோய்கள். தாய்மார்களே, மாதவிலக்கு முற்றிலும் நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், மகளிடமோ மருமகளிடமோ அன்றே சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களே, வாய்ப்புண் மூன்று வாரம் ஆகியும் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயாக இருந்தாலும் தொடக்கத்தில் கண்டால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இத்தனையும் ஒரு பங்கு மக்களால் ஆகுமா என்று கேட்கலாம். பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணம் விடை தருகிறது. அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தனர். மாகாண மக்களே அரசிடம் முறையிட, 1972-ல் டாக்டர் பெக்கா புஸ்கா என்ற இளைஞரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. மருத்துவமனைகள் மட்டும் அதை நடத்தவில்லை. மார்த்தா சங்கம் என்னும் இல்லத்தரசிகளின் அமைப்பு ஊர் ஊராகக் கூடி, வெண்ணெயையும் உப்பையும் குறைத்துக் காய்கறி சேர்த்துச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது. விருந்தினருக்குச் சமைத்த நற்செய்தி மார்த்தாவின் பெயரைத் தாங்கிய சங்கம் அது! நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தன. அடுக்களையிலிருந்தே ஒரு மாகாணம் பிழைத்தது.

நம் நாட்டிலும் வழி திறக்காமல் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் அவர்கள் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தன் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பாட்டியையும், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று வலியை விழுங்கும் தாத்தாவையும் எந்தத் திட்டமும் தானாகக் கண்டுபிடிக்காது. அடுத்த வீட்டுக்காரர்களாகிய நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆதலால் விழாக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று பூசை முடிந்ததும், நம் பங்கிலுள்ள செவிலியர்களின் உதவியுடன் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்க. ஒவ்வோர் அன்பியமும் தனித்து வாழும் முதியோரின் பட்டியலை எழுதி வைத்திருக்கட்டும். வீடு சந்திக்கும் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும், "மாத்திரை இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இம்மாதம் எங்காவது விழுந்தீர்களா?" என்று மூன்று கேள்விகளை மறவாது கேட்கட்டும். நான்காவது, நம் கோவில் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி. விழாவின் விளக்குத் தோரணம் மூன்று நாளில் இறங்கிவிடும். இரும்புக் கைப்பிடியோ இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும். ஏறமுடியாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்கள் மீண்டும் நம் நடுவே வந்து அமர அது உதவும்.

பெரியோர்களே, உங்கள் உடல்நலத்தைப் பேணுவது பிள்ளைகளுக்குச் செலவு வைப்பதாகாது. அவர்களுக்கு நீங்கள் செய்யும் பேருதவி அதுவே. பிள்ளைகளே, அப்பாவும் அம்மாவும் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் ஒருமுறை அழைத்துச் சென்று பாருங்கள். நூற்றாண்டு விழாவில் இன்றைய இளைஞர்கள் முன்வரிசையில் அமரும்போது, தம் காலால் நடந்து வந்து, தம் கண்ணால் கண்டு மகிழ, அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.