முட்டு வருத்தமும் பம்ப் பயமும்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





மருந்தாளர்களாக வேலை செய்யும் எங்களைப் பேசக் கேட்டதும், வகுப்புத் தோழி ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். முட்டு வருத்தக்காரி. கல்யாணப் பேச்சு நடந்த மாதம் முழுக்க அவளுடைய உம்மா பம்பை அலுமாரிக்குள் பூட்டிவைத்தார். கடைசியில் அவளை வாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. "ஸ்டீரொயிட் மகள், உடம்பு ஊதும்" என்பதுதான் உம்மாவின் பயம்.

அந்தப் பயம் வெறுங்கதையல்ல. 1950களில் ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொயிட் குளிசையாகக் கொடுக்கப்பட்டது. நெடுங்காலம் விழுங்கியவர்களுக்கு முகம் வட்டமாக ஊதியது, எலும்பு பலம் இழந்தது, பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியது. இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பவரின் ஆய்வுக்குழு, தோலில் பூசும் களிம்பாக இருந்த பெக்லோமெதசோனை நேரே சுவாசக் குழாய்க்கு அனுப்பிப் பார்த்தது. 1972இல் அது இன்ஹேலராக வெளிவந்தது. குளிசையை மில்லிகிராமில் அளக்கிறோம், இதை மைக்ரோகிராமில். பின்னால் வந்த புளூட்டிகசோனில் இன்னொரு சூட்சுமம்: தொண்டை வழியே வயிற்றுக்குப் போகும் பங்கை ஈரல் ஏறக்குறைய முழுதாகவே செயலிழக்கச் செய்துவிடும்.

அப்படியானால் பக்க விளைவே இல்லையா? இருக்கிறது. வாயில் வெண்புண் வரும், குரல் கம்மும். கூடிய அளவில் நெடுநாள் எடுத்தால் உடல் தானே சுரக்கும் ஸ்டீரொயிட் குறையலாம். ஆகவேதான் வருத்தம் அடங்கியதும் கிளினிக்கில் அளவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். வட அமெரிக்காவில் சிறுவயதில் சில வருடங்கள் புடெசொனைட் எடுத்த பிள்ளைகளை, வளர்ந்த பிறகு அளந்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, உயரத்தில் சராசரி 1.2 சென்ரிமீற்றர் குறைவு. உம்மாமாரிடம் இதை நாங்கள் மறைப்பதில்லை. பிள்ளை மூச்சுக்குத் தவித்து விடிய விடிய குந்தியிருப்பதையும் அவர்கள்தானே பார்த்திருக்கிறார்கள்!

நீலப் பம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தினசரி எடுக்க வேண்டிய ஸ்டீரொயிட் பம்பை விட்டுவிடுவோர் அநேகம். நீலம் அந்த நேரத்து இழுப்பை விரித்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது ஆற்றாது. நோன்பு மாதத்தில் இந்த விடுபடல் இன்னும் கூடுகிறது. இரண்டு வேளை மருந்தென்றால் ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பின் ஒன்று என்று வைக்கலாமா என டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மற்ற நாட்களில், வுழூச் செய்வதற்குச் சற்று முன் பம்பை இழுங்கள். வாய் கொப்பளிப்பது அதிலேயே முடிந்துவிடும். கொப்பளித்த தண்ணீரைத் துப்பிவிடுங்கள். மற்றச் சகோதரிகள் பல் துலக்கும் முன் எடுத்தாலும் சரிதான்.