மகளருகே ஒரு கல்லறை



இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பரில், பிரான்ஸ் நாட்டுத் தளபதி சார்லஸ் டி கோலை நினைவுகூர்வோம். 1916-ல் வெர்டன் போர்க்களத்தில் காயமுற்றுச் சிறைப்பட்டவர். பின்னாளில் நாட்டின் அதிபரானவர்.

அவருடைய கடைசி மகள் ஆன், 1928-ல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தாள். பெற்றோர் அவளைத் தங்களோடே வைத்து வளர்த்தார்கள். ஊரார் முன் இறுக்கமாக நின்ற தளபதி, அவளுக்காகப் பாடினார், ஆடினார். 20 வயதில் அவள் இறந்தாள்.

அரசு இறுதிச்சடங்கு வேண்டாம், மகளருகே போதும் என்று 1952-லேயே எழுதிவைத்தார். 1970 நவம்பரில் இறந்தபோது, கொலொம்பே என்ற சிற்றூரில் அவ்வாறே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் பெயரும் ஆண்டுகளும் மட்டுமே.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் நம் பங்குகளிலும் உண்டு. பிறர் பார்வைக்கு அஞ்சித் திருப்பலிக்கு அழைத்துவரத் தயங்குகிறார்கள். வரும் ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்கு நாமே போய் அழைப்போம். நம் அருகில் அமர்த்திக்கொள்வோம். ஆமென்.