நெய்தல் மருதமான நிலம்



பயண இலக்கியம் என்றதும் மலையும் அருவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. மேடே இல்லாத நாட்டில், விரைவே இல்லாத ஊர்தியில் செல்பவருக்குச் சொல்ல என்ன இருக்கும் என்னும் வினா எழலாம். அவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரை. நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கேயுள்ள பீம்ஸ்டர் என்னும் நிலப்பகுதியில் தொடங்கி, உர்க் என்னும் மீனவர் ஊரில் முடியும் மிதிவண்டி வழி ஒன்று இதன் பொருளாகிறது. நான்கைந்து நாள்களில் மெல்லக் கடக்கத்தக்க வழி அது.

அந்நாட்டில் மிதிவண்டி ஏழையின் ஊர்தியுமன்று, விளையாட்டு வீரரின் கருவியுமன்று, அனைவர்க்கும் பொதுவானது. இன்று கார் ஓட்டுவோர்க்கும் துணைபுரியும் அந்நாட்டுப் பெரும் பயணச் சங்கம், 1883 இல் மிதிவண்டி ஓட்டுவோரின் சங்கமாகவே தோன்றியது. இன்று பாதைகள் கூடும் இடந்தோறும் எண் பொறித்த பலகை நிற்கிறது. 1995 இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கிய இம்முறை, பின்னர் நெதர்லாந்தெங்கும் பரவியது. பயணி புறப்படுமுன் சில எண்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் பாதையே அழைத்துச் செல்லும். வழி தேடும் கவலை நீங்கியதும் கண் நிலத்தைப் பார்க்கத் தொடங்குகிறது.

அவ்வாறு பார்க்கும் கண்ணுக்கு முதலில் புலப்படுவது ஒரு முரண். பாதை ஒரு கரையின்மீது செல்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால். அதில் படகு மிதக்கிறது. மறுபக்கம் புல்வெளி, அதில் பசுக்கள் மேய்கின்றன. படகு மேலே இருக்கிறது. பசு சில மீட்டர் கீழே நிற்கிறது. நீர் உயரத்திலும் நிலம் பள்ளத்திலும் அமைந்த இந்நிலையைக் காரில் விரைபவர் கவனிப்பது அரிது. மிதிவண்டியில் செல்பவரோ கரையிலிருந்து இறங்கும்போது அந்த வேறுபாட்டைத் தம் கால்களாலேயே அளந்துவிடுகிறார்.

காற்று ஈன்ற வயல்

பீம்ஸ்டர் ஒரு காலத்தில் ஏரி. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பொருள் தர, அதனைச் சுற்றி வட்டக் கரையும் வாய்க்காலும் அமைத்து, நீரை இறைக்கும் பணி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. காற்றாலைப் பணிகளில் முன்னின்றவர் யான் லேக்வாட்டர் என்னும் தச்சர். 1610 இல் பணி நிறைவேறும் தறுவாயில் புயலடித்துக் கடற்கரை அணை உடைந்தது. வற்றிய ஏரி மீண்டும் நிறைந்தது. கரையை உயர்த்தி முதலிலிருந்து தொடங்கினர். 1612 இல் ஏறக்குறைய ஏழாயிரம் ஹெக்டேர் நிலம் வெளிப்பட்டது. சதுரம் சதுரமாக வகுக்கப்பட்ட அவ்வயல்களை யுனெஸ்கோ 1999 இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

ஒரு காற்றாலை நீரை ஒன்றரை மீட்டர் அளவே உயர்த்த வல்லது. ஆகவே மூன்று, நான்கு ஆலைகளைப் படிக்கட்டுப்போல் வரிசையாக நிறுத்தினர். கீழுள்ளது இறைத்ததை அடுத்தது வாங்கி மேலேற்றும். கடைசியிலுள்ளது வாய்க்காலில் கொட்டும். அருகிலுள்ள ஸ்கெர்மர் ஏரி 1635 இல் வற்றியபோது அங்கு 52 ஆலைகள் இவ்வாறு உழைத்தன. அவற்றுள் இன்று எஞ்சியவை 11. அவற்றின் வேலையைப் பின்னர் எந்திரங்கள் ஏற்றுக்கொண்டன.

இவ்வெளியில் மலைக்கு ஈடாகப் பயணியைச் சோதிப்பது எதிர்க்காற்று. தடுக்க மரமோ மேடோ இல்லை. முதுகு வளைத்து மிதிப்பவருக்கு அக்காற்று பகையாகவே தோன்றும். ஆயினும் அவர் சக்கரம் உருளும் நிலத்தை ஈன்றதும் அக்காற்றே. இதனைத் தம் மூச்சாலும் தசையாலும் உணர்ந்து படிக்கும் வாய்ப்பு மிதிவண்டிப் பயணிக்கே உரியது.

கடல் ஏரியான நாள்

பீம்ஸ்டரிலிருந்து கிழக்கே சென்றால் எங்க்ஹாய்சன் என்னும் பழைய துறைமுகம் வரும். அதன் முன் விரிந்த நீர்ப்பரப்பு நூறாண்டுகளுக்கு முன் உப்புக்கடல்; பெயர் ஸாய்டர்ஸே. நெத்திலியும் ஹெர்ரிங் மீனும் மிகுந்து கரையோர ஊர்களை வாழவைத்த கடல். 1916 ஜனவரியில் புயலும் வெள்ளமும் கரைகளை உடைத்து உயிர்ப்பலி கொண்டன. கடலை அடைக்கும் திட்டத்தைப் பொறியாளர் கொர்னேலிஸ் லேலி ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தார். 1918 இல் அது சட்டமாயிற்று. 1932 மே 28 அன்று, ஏறக்குறைய 32 கிலோமீட்டர் நீண்ட அணையின் கடைசி இடைவெளி மூடப்பட்டது. லேலி அந்நாளைக் காணவில்லை. 1929 இல் மறைந்துவிட்டார். கடலின் உப்பு சிறுகச் சிறுக நீங்கியது. ஐஸல்மேர் என்னும் நன்னீர் ஏரி பிறந்தது.

மக்களுக்குப் பாதுகாப்பு கிட்டியது. நாட்டுக்கு விளைநிலம் கிட்டியது. மீனவர்க்கு நேர்ந்தது வேறு. அவர்களுக்கு உதவ 1925 இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. உதவித்தொகை வந்தது, நெத்திலி திரும்பி வரவில்லை. 1959 இல் வெளியான ‘ஸாய்டர்ஸே பாலட்’ என்னும் பாடல் பாட்டனும் பேரனும் உரையாடும் முறையில் அமைந்தது. பாட்டன் அறிந்த கடலைப் பேரன் அறியான். எங்க்ஹாய்சனில் 1983 இல் திறக்கப்பெற்ற வெளியரங்கக் காட்சியகத்தில், அழிந்த வாழ்வின் வீடுகள் பெயர்த்து நாட்டப்பட்டுள்ளன. பயணி வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அத்தெருக்களில் நடக்கலாம்.

அங்கிருந்து லேலிஸ்டாட் நகருக்கு ஏரியின் குறுக்கே நீண்ட கரைச்சாலை செல்கிறது. 25 கிலோமீட்டருக்கும் மேலாக இடமும் வலமும் நீரே. வலப்பக்க ஏரியையும் வயலாக்கவே அக்கரை எழுந்தது. ஆனால் காலம் மாறிற்று. நீரின் அருமை உணரப்பட்டது. 2003 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. வயலாகவிருந்த ஏரியில் 2016 முதல் பறவைகளுக்காகத் தீவுகள் அமைக்கப்பட்டு வருகின்றன.

வயல் நடுவே துறைமுகம்

லேலிஸ்டாட்டைக் கடந்து வடக்கே பாலம் ஏறி இறங்கினால், 1942 இல் நீரிலிருந்து மீட்கப்பட்ட பெருவெளி விரிகிறது. உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் அந்நிலத்தில் ஆங்காங்கே, கப்பல் உருவம் தாங்கிய கம்பங்கள் நிற்கின்றன. நீர் வற்றியபோது சேற்றில் வெளிப்பட்ட உடைந்த மரக்கலங்களின் இடங்கள் அவை. அத்தகைய நூற்றுக்கணக்கான கலங்களை அங்கு உழவரும் ஆய்வாளரும் கண்டெடுத்தனர். ஏர் செல்லும் இடத்தில் நங்கூரம் கிடைத்தது.

அவ்வெளியின் நடுவே நீண்ட தாழ்வான மேடொன்று உள்ளது. மிதிவண்டிச் சக்கரம் மட்டுமே அறியக்கூடிய மேடு அது. அதுவே ஸ்கோக்லாண்ட், முன்னாள் தீவு. அலை அரித்து வறுமை மிகுந்ததால் 1859 இல் அரசாணையின்படி மக்கள் அனைவரும் வெளியேறினர். எட்டு தலைமுறைக்கும் மேலாகக் கடலோடு போராடியோர் சென்ற பின், கடலும் சென்றுவிட்டது. தேவாலயம் நிற்கிறது, துறைமுகத்தின் மரத்தடுப்பு நிற்கிறது. அதன் முன்னே அலைக்கு மாறாகப் புல் அசைகிறது.

அங்கு இன்னொரு செய்தியும் உண்டு. நீர் வடிந்த மண் வற்றிச் சுருங்குவதால் அம்மேடும் அமிழத் தலைப்பட்டது. அதனைக் காக்க, அருகிலுள்ள நிலத்தில் நீர்மட்டத்தை மீண்டும் உயர்த்தியுள்ளனர். நீரை விரட்டிப் பெற்ற நிலத்தைக் காக்க நீரையே அழைக்க வேண்டியதாயிற்று. மேற்கே சதுப்புக் கரிமண் நிறைந்த புல்வெளிகளிலும் இதே துன்பம். வடித்தால் மண் காற்றுப்பட்டு மக்கித் தாழ்கிறது. தாழ்ந்தால் மேலும் வடிக்க வேண்டும். வடித்தால் மேலும் தாழ்கிறது. நாட்டின் கால்பங்குக்கும் சற்று மிகுதியான நிலம் கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. அதனைக் காக்க 21 நீர்வாரியங்கள் இயங்குகின்றன. எந்திரங்கள் நின்றால் நீர் திரும்பிவிடும்.

உர்க்கும் 1939 வரை தீவாக இருந்தது. அது வயலோடு இணைந்த பின்னும் அவ்வூரார் மீன்தொழிலை விடவில்லை. கலங்களை வடகடலுக்குக் கொண்டு சென்றனர். ஏரிக்கரையில் ஒரு பெண்ணின் சிலை நீரை நோக்கி நிற்கிறது. அருகே கடலிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பயணம் அங்கே முடிகிறது.

நிறைவாக

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மை. அங்கே வெம்மை செய்ததை இங்கே மனிதக் கை செய்தது. நெய்தல் திரிந்து மருதமாயிற்று. கடல்மீன் போய் உழவு வந்தது. நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல் என்று வகுத்த மரபில் வந்தவர்க்கு, உர்க் கரையில் நிற்கும் பெண்சிலை அயலாகத் தோன்றாது. நிலம் மாறினும் இரங்கல் அந்நிலத்தை விட்டு அகலவில்லை.

அவ்விளைச்சலைப் பழிப்பதும் முறையன்று. வெள்ளத்தில் மாண்டோரை எண்ணுபவர் அவ்வணையைக் குறைகூறார். பாதுகாப்பும் இழப்பும் ஒரே கரையின் இருபுறங்கள். கரையின்மீது மெல்லச் செல்பவருக்கே இரண்டும் ஒருங்கே தெரிகின்றன. புதிய வயலைப் பாடும் கவிஞர் அதன் அடியில் கிடக்கும் மரக்கலத்தையும் கண்டிருத்தல் வேண்டும். அதற்கு மிதிவண்டியின் வேகமே போதும். அதற்கு மிகுந்த வேகம் ஆகாது.