கடல் கடக்குமுன் பத்து நாள்

மைசூரு மாவட்டத்து உன்சூர் வட்டத்தில் பட்சிராஜபுரம் என்றோர் ஊர் உண்டு. அங்கு வாழும் ஹக்கிபிக்கி பழங்குடியினர் வழிவழியாகப் பறவை பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழிலுக்கு இடமில்லாது போகவே, மூலிகை எண்ணெய் விற்பனையில் இறங்கினர். அவ்வணிகம் அவர்களை ஆப்பிரிக்க நாடுகள் வரை கொண்டு சென்றது.

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் போர் மூண்டபோது அங்குச் சிக்கிக்கொண்ட இந்தியருள் இவர்களும் இருந்தனர். அரசு 'ஆபரேஷன் காவேரி' என்னும் பெயரில் இந்தியரை மீட்டது. அம்மாத இறுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த கணக்கின்படி, அதுவரை வந்து சேர்ந்த 1,191 பேரில் 117 பேர் உடனே வீடு செல்ல இயலவில்லை. அவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள். நோய்க்குறி தோன்றாவிடில் ஏழு நாளுக்குப் பின் செல்லலாம் என்பது ஏற்பாடு. குண்டுகளுக்குத் தப்பி வந்தவரைத் தாய்நாட்டின் வாசலில் தடுத்து நிறுத்துவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஏற்பாடு சரியானதே.

அன்பர்களே, மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பும் ஏடீஸ் கொசுவோ இங்கு ஏராளம். டெங்குவைப் பரப்புவதும் அதுவே. நோய் உடலில் புகுந்து வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும். அதற்குள் நோயாளி ஊர் சேர்ந்து, கொசு அவரைக் கடித்துவிட்டால், இந்நோயை எதிர்க்கும் ஆற்றலே இல்லாத மக்களிடையே அது பரவ வழி பிறக்கும். ஆகவே இத்தடுப்பூசி பயணிக்கு மட்டுமன்றி, அவர் திரும்பி வரும் ஊருக்கும் காவலாகும்.

(மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. ஹெப்படைட்டிஸ் ஊசி போட்டவர் இதையும் போட்டுக்கொண்டதாக எண்ணிவிடலாகாது.)

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஊசி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைப்பதன்று. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடப்படும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. சான்றிதழ் செல்லத்தக்கதாவது ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான். நாளை விமானம் ஏறுபவருக்கு இன்று போட்ட ஊசி உதவாது. பயணச்சீட்டு வாங்கித் தருபவர் இதைச் சொல்லாவிடில், உன்சூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு யார் சொல்வது? வெளிநாடு செல்வோர் மிகுந்த ஊர்களில் ஊராட்சியும் சுகாதாரப் பணியாளரும் இதை முன்கூட்டியே எடுத்துரைப்பது அரிய செயலன்று.

ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போடப்படுவதில்லை. கருவுற்ற பெண்கள், அறுபது வயது கடந்தோர், முட்டை ஒவ்வாதோர் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். மலேரியாவுக்கு இந்த ஊசி பயன்படாது. அதற்கு மாத்திரையும் கொசுவலையுமே துணை. மற்றபடி ஒரே ஊசிதான். 2016 ஜூலை 11 முதல் அச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். மஞ்சள் நிற அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருந்தால் போதும்.