சாலை மரணங்கள் விதியின் விளைவல்ல



சாலையில் ஒருவர் மாண்டால் அதனை விதி என்பர் சிலர். கவனக்குறைவு என எழுதி வழக்கை முடிக்கும் காவல்துறை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களில் 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றோர். 19 விழுக்காட்டினர் நடந்து சென்றோர். காரின் பாதுகாப்பு வாய்க்காதவர்களே பெருமளவில் பலியாகின்றனர்.

நகரங்களில் இம்மரணங்களை அறவே ஒழிக்க இயலுமா? பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2024 ஜூலைக்குப் பின் ஓராண்டுக் காலம் சாலை விபத்தில் ஒருவர்கூட மாளவில்லை. அங்கும் மனிதர்கள் தவறு செய்யவே செய்கின்றனர். ஆனால் அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைப்பது அரசின் பொறுப்பு எனும் கொள்கையை, 1997இலேயே அண்டை நாடான சுவீடனின் நாடாளுமன்றம் ஏற்றது. ஹெல்சிங்கியின் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். நடைபாதை, சைக்கிள் பாதை, பொதுப் போக்குவரத்து ஆகியவையும் வலுவாக உள்ளன.

அது செல்வந்த நாடு என்று சிலர் மறுக்கக்கூடும். வேகத்தைக் குறைக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆயினும் ஒன்றிய அரசு 2018இல் நகர எல்லைக்குள் கார்களின் உச்ச வேகத்தை 70 கிலோமீட்டராக அறிவித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உரிமமின்றி வண்டி ஓட்டும் ஏழைக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. தரமற்ற சாலை உயிரைப் பறித்தால் ஒப்பந்ததாரருக்கோ அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய்தான்!

தடை பணத்தில் இல்லை. சாலை யாருக்கு என்பதில் உள்ளது. தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் பேருந்துகளுக்கெனத் தனிப்பாதை திறக்கப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன. ஆனால் அவை களையப்படவில்லை. கார் உரிமையாளர்களின் கூக்குரலே வென்றது. 2016இல் அப்பாதை அகற்றப்பட்டது.

எனவே இது வர்க்கப் பிரச்சினை. குடியிருப்பு, பள்ளி, சந்தைப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் வரம்பு, தடையற்ற நடைபாதை, போதிய அரசுப் பேருந்துகள், ஓட்டுநருக்கு 8 மணி நேர வேலை ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாமன்ற உறுப்பினர்களும் ஒவ்வொரு வார்டிலும் எழுப்ப வேண்டும். உயிர்கள் பறிபோகும் சந்திப்புகளை மக்களே பட்டியலிட்டு மாநகராட்சியின் முன் வைக்க வேண்டும். காலையில் வேலைக்குச் சென்ற தொழிலாளி மாலையில் உயிருடன் வீடு திரும்புவது சலுகையன்று, உரிமை.