அருவிக்கு ஒரு மாதம் பொறுங்கள்

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் பலர் மே மாதம் லீவு போட்டு, வேன் பிடித்துக் குற்றாலம் கிளம்புகிறார்கள். ஒரு மாதம் பொறுங்கள். குற்றாலத்துக்குத் தண்ணீர் தருவது தென்மேற்குப் பருவமழை. அது வழக்கமாக ஜூனில்தான் தொடங்கும். மே மாதம் போவது, குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் குடத்தை நீட்டுகிற மாதிரி. போட்டோவுக்கும் ஜூன், ஜூலைதான் நல்லது. உச்சி வெயிலில் அருவி வெறும் வெள்ளைத் திட்டாகப் பதியும். மேகம் மூடிய நாளில் தண்ணீரின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்துவிடுமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சீசன் ஆகஸ்ட் வரை நீளும். ஒரு சனி, ஞாயிறு போதும். சீசனில் வெள்ளம் வருமே என்றும் கேட்பீர்கள். வெள்ளம் கோடையிலும் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அவன் பிழைக்கவில்லை. கீழே தூறல்கூட இல்லாதபோதும் மேலே மலையில் மழை கொட்டலாம். எந்த மாதம் போனாலும் சரி, தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், படம் எடுப்பதை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள். பையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.