கொசுப்புழுவின் குடலில் குடியிருக்கும் பூஞ்சை

வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டையில் தேங்கும் தண்ணீர் வயலுக்கும் போகிறது, சிவகாசியின் குடிநீர்க் குழாய்க்கும் போகிறது. குழாயில் தினமும் தண்ணீர் வராததால் இந்த வட்டாரத்து வீடுகளில் சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, குடம் என எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறார்கள். பட்டாசு ஆலைகளில் தீயணைப்புக்கென நிரப்பி வைக்கும் தொட்டிகள் வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசு முட்டையிடத் தேடி வருவது இப்படிப்பட்ட தண்ணீரைத்தான். ஓடைகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் கரிசல் பூமியில், நீர்வாழ் பூச்சிப்புழுக்களின் குடலில் வாழும் பூஞ்சையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஓடை இல்லாவிட்டால் என்ன, தொட்டி இருக்கிறதே. கொசுப்புழுவை அதன் குடலில் குடியிருப்பவற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதும், அந்தக் குடியிருப்பு புழுவுக்கு நன்மையா தீமையா என்பதை ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பதும்தான் இன்று நான் முன்வைக்கும் வாதம்.

இந்தப் பூஞ்சைகளில் கொசுப்புழுவோடு நெருங்கிய தொடர்புள்ளது ஸ்மிட்டியம் என்னும் பேரினம். புழுவின் பின்குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லிய இழைகளாகக் கிளைத்து வளரும். பொதுவாகச் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. குடல்வழியே போகும் கரைசலிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. புழு தோலுரிக்கும்போது பின்குடலின் உட்படலமும் சேர்ந்து கழன்றுவிடும், பூஞ்சையும் அதோடு வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு பருவத்திலும் புழு புதிதாக வித்துக்களை விழுங்கியாக வேண்டும். மயிர்போன்ற நீண்ட வால் கொண்ட அந்த வித்துக்கள் அடியில் படிந்த பொருள்களில் சிக்கிக் கிடக்கும். விழுங்கப்பட்டதும் குடலிலுள்ள பொட்டாசியமும் அங்கே நிகழும் அமில-கார மாற்றமும் அவற்றை எழுப்பிவிடுகின்றன. இடம் மாறிவிட்டது என்பதை வேதியியலால் அறியும் இந்த நுட்பம், நம் பாடநூல்களில் இன்னும் கூடுதல் இடம் பெறத் தகுந்தது. ஆற்றோரக் கறுப்பு ஈக்களில் கதை மேலும் ஒருபடி போகிறது: பெண் ஈயின் சூலகத்துக்குள் இந்த வகைப் பூஞ்சைகள் புகுந்து, ஈ முட்டைக்குப் பதில் பூஞ்சைக் கட்டிகளை இட்டுவிட்டுப் போகும். பூஞ்சை வேறு நீர்நிலைக்குப் பறந்து போக அதுவே வாகனம்.

நன்மைக்குச் சான்று 1981-இல் வந்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்னும் லிச்வார்ட்டும் ஏடிஸ் எகிப்தி புழுக்களைக் குறைபாடான உணவில் வளர்த்துப் பார்த்தார்கள். பூச்சிகளால் ஸ்டீரால் என்னும் கொழுப்புப் பொருளைத் தாமே தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அந்த ஸ்டீராலும் பி வைட்டமின்கள் சிலவும் இல்லாத உணவில், குடலில் ஸ்மிட்டியம் பூஞ்சை இருந்த புழுக்களால் மேலும் வளர முடிந்தது. பட்டினிக்காலத்தில் பூஞ்சை படியளக்கிறது. அதே 1981-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வீனி விவரித்த ஸ்மிட்டியம் மார்போசமோ இதற்கு நேர்மாறு. அது குடல் சுவருக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்வதால் உட்படலம் கழலாமல் புழு தோலுரிக்கையிலேயே செத்துவிடுகிறது. ஒரே பேரினத்தில் ஒன்று ஊட்டுகிறது, மற்றொன்று கொல்கிறது.

அப்படியானால் கொல்லும் பூஞ்சையைத் தொட்டிகளில் விட்டுவிடலாமே என்பது அடுத்த எதிர்க்கேள்வி. இதற்குச் சீலமோமைசிஸ் என்னும் வேறொரு பூஞ்சையின் வரலாறே பதில். அது குடலில் வாழ்வதல்ல, புழுவின் உடற்குழியில் பெருகிக் கொல்வது. 1921-இல் கெய்லின் அதை முதலில் விவரித்தார். 1935-இல் எம்.ஓ.டி. அய்யங்கார் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் இந்தியப் புழுக்களில் இரண்டு புதிய இனங்களைக் கண்டறிந்தார். மலேரியாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு புழுவிலிருந்து நேரே இன்னொரு புழுவுக்கு அதைத் தொற்றவைக்க முடியவில்லை. காரணம் 1974-இல்தான் விளங்கியது: பூஞ்சையின் வாழ்க்கையில் பாதி, கோப்பிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரியில் நடக்கிறது. வாழ்க்கை வட்டத்தில் பாதி தெரியாமல் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஸ்மிட்டியத்திலும் அதே அவசரத்தைக் காட்டக் கூடாது.

தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, அபேட் என்னும் கொசுப்புழு மருந்தை ஊற்றினால் போதாதா, குடலை ஆராய்வது எதற்கு என்றும் கேட்பார்கள். தேய்த்துக் கழுவுவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டையும் அடியில் கிடக்கும் வித்தும் ஒரே பிரஷ்ஷில் போய்விடும். ஆனால் கொசு ஒழிப்பு மருந்துகளில் ஒன்றான பி.டி.ஐ. பாக்டீரியாவின் நஞ்சு வேலை செய்வது புழுவின் நடுக்குடலில். நோய்பரப்பும் பூச்சிகளை ஆராயும் புதுச்சேரி வி.சி.ஆர்.சி. நிறுவனம் நம் மண்ணிலிருந்தே அதன் ஒரு வகையைப் பிரித்தெடுத்திருக்கிறது. குடலையே களமாகக் கொண்ட மருந்தைப் பயன்படுத்திவிட்டு, குடலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாராமல் இருப்பது அறிவியல் அல்ல.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உயிருள்ள புழு, இரண்டு ஊசிகள், ஒரு துளி தண்ணீர், கல்லூரி நுண்ணோக்கி இவை போதும்; ஸ்மிட்டியத்தை 1960-களிலிருந்தே தட்டுகளில் வளர்க்கவும் முடிகிறது. இந்த வட்டாரத்துக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசித் தொட்டிகளிலிருந்து புழுக்களை எடுத்து, எந்தத் தொட்டி, என்ன மாதம், பூஞ்சை உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வேலையை இந்த மழைக்காலத்திலேயே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.